இல்லத்து நீர்நிலை: இலவந்திகை முதல் ஏலமலைச் சரிவு வரை

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில், சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிக் கட்டுரை தருமாறு அன்பர்கள் என்னைப் பணித்தனர். பொருளை நான் தேடவேண்டியிருக்கவில்லை. அது என் பிறந்த வீட்டிலிருந்தே வந்தது. போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரத்தில் என் அண்ணன் புதுமனை எழுப்பிவருகிறார். ஏலத்தோட்டத்து வருவாயில் வாழ்கிற குடும்பம் எங்களுடையது. மனையின் பின்புறச் சரிவில் ஒரு நீச்சல் குளம் அமைக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். “நீ தமிழ் படித்தவள்; கல்லில் பொறிக்க ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சொல்” என்றார். உடனிருந்த எங்கள் அத்தை, “குளத்துக்குப் பேரு கேக்குறியேப்பா, தண்ணிக்கு வழி கேட்டியா?” என்றார்கள்.

அண்ணன் கேட்டது ஒரு சொல். அத்தை கேட்டது ஒரு வரலாறு. இரண்டையும் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை. வீட்டுக்குள் நீர்நிலை அமைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதியதா? பழையதாயின் அதனை அமைத்தோர் யாவர்? அந்நீரில் ஆடும் உரிமை யாருக்கு இருந்தது? இவ்வினாக்களுக்கு இலக்கியமும் வரலாறும் தரும் விடைகளை முதலில் கண்டு, பின்னர் போடிநாயக்கனூர்ச் சரிவுக்குத் திரும்புவோம்.

பெயரும் பொருளும்

தமிழில் நீர்நிலைகளுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. பொய்கை, இலஞ்சி, கயம், கேணி, சுனை, கூவல், தடாகம், வாவி, ஊருணி, ஏரி, கண்மாய் என நிகண்டுகளும் மக்கள் வழக்கும் சேர்ந்து ஒரு நீண்ட பட்டியலைத் தருகின்றன. இவை ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும் அவ்வாறு அல்ல. ஒவ்வொரு பெயரும் அந்நீர் எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்னும் செய்தியைத் தன்னுள் வைத்திருக்கிறது.

அண்ணன் முதலில் விரும்பிய பெயர் பொய்கை. அதன் ஓசை இனிது. ஆயின் பொய்கை என்பது மானிடர் ஆக்காத நீர்நிலை என்பது பழைய உரைகாரர் தரும் விளக்கம். சிமெண்டும் கம்பியும் கொண்டு கட்டுவதற்கு அப்பெயர் பொருந்தாது. சுனை மலைக்கு உரியதுதான். ஆனால் அதுவும் பாறையில் தானே ஊறுவது. கேணி மனிதர் தோண்டியது. சென்னையிலுள்ள திருவல்லிக்கேணி என்னும் ஊர்ப்பெயர், அல்லி பூத்த கேணி ஒன்றை இன்றும் நினைவூட்டுகிறது. வாவி வடசொல் வழி வந்தது. ஈழத்தில் மட்டக்களப்பு வாவி என்று அது பெருநீர்ப் பரப்புக்கே பெயராயிற்று. ஏரியும் கண்மாயும் உழவுக்கு உரியன. ஊருணியோ, பெயரிலேயே ஊரை வைத்திருக்கிறது. ஊரார் உண்ணும் நீர் அது. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், உலகோர் விரும்ப வாழும் பேரறிவாளனின் செல்வத்துக்கு உவமையாகத் தேர்ந்தது நீர் நிறைந்த ஊருணியையே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தனை பெயர்களுள் ஒரு தனிமனிதரின் வீட்டுக்குள், அவர் குடும்பம் மட்டும் ஆடுவதற்கென அமைந்த நீருக்குப் பெயர் உண்டா எனத் தேடியபோது கிடைத்த சொல் இலவந்திகை.

மதிலுக்குள் இருந்த நீர்

புறநானூற்றில் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்றொரு மன்னனைக் காண்கிறோம். அவன் உயிர்நீத்த இடமே அவனுக்கு அடையாயிற்று. சிலப்பதிகாரத்தில், கோவலனும் கண்ணகியும் இருள் நீங்காப் பொழுதில் புகாரை விட்டு வெளியேறும்போது இலவந்திகையின் மதிற்புறமாகச் செல்கின்றனர். நீராவியைச் சூழ்ந்த சோலை என்றும், அரசனும் அவன் உரிமை மகளிரும் ஆடுதற்குரிய காவல் மிக்க இடம் என்றும் உரை வழியே இச்சொல்லுக்குப் பொருள் அறிகிறோம். வாழ்விழந்து செல்லும் வணிகக் குடும்பத்தார் இருவர் மதிலின் வெளியே நடக்கின்றனர். நீர் மதிலின் உள்ளே இருக்கிறது. இளங்கோவடிகள் இதனை வழிக்குறிப்பாகவே சொல்லிச் செல்கிறார். எனினும் அம்மதிலைக் கடந்து நம் கண் உள்ளே போகாதவாறு அக்காட்சி அமைந்துள்ளது.

மணிமேகலையில் இது இன்னும் வெளிப்படையாகிறது. பூக்கொய்யச் செல்லவேண்டிய மணிமேகலைக்கு எந்தச் சோலை ஏற்றது என்று சுதமதி எண்ணிப் பார்க்கிறாள். இலவந்திகைச் சோலையை அவள் விலக்குகிறாள். அங்கு அரசனைச் சார்ந்தோர் இருப்பர் என்பதே காரணம். நகரத்தின் அழகிய நீர்நிலை ஒன்று நகரத்துப் பெண்ணொருத்திக்கு அஞ்சி விலகவேண்டிய இடமாக இருந்தது என்பது இதனாற் புலனாகும்.

அதே காப்பியம் பிறிதோரிடத்தில் அரசனின் சோலையை வருணிக்கும்போது எந்திரக் கிணற்றையும் செயற்கைக் குன்றையும் குறிப்பிடுகிறது. நீரை வேண்டும்போது ஏற்றவும் வேண்டாதபோது இறக்கவும் கருவி கொண்ட அமைப்பு அக்காலப் புலவர்தம் அறிவுக்கு எட்டியிருந்தது என்பது தெளிவு. இன்று விசையைத் தட்டியதும் நீர் சுழலும் குளத்தைக் கண்டு வியப்போர், அதன் விதை நம் காப்பியங்களிலேயே இருப்பதை அறிந்தால் மகிழ்வர். ஆனால் விதையோடு மதிலும் சேர்ந்தே வந்துள்ளது என்பதையும் அறியவேண்டும்.

மதிலற்ற நீர்

இதற்கு நேர்மாறான காட்சியைப் பரிபாடல் காட்டும். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இருபத்திரண்டு பாடல்களுள் எட்டுப் பாடல்கள் வையைக்கு உரியன. புதுப்புனல் வந்தது என்று கேட்டதும் மதுரையே ஆற்றுக்குப் பெயர்கிறது. ஊர்திகளில் வருவோரும் நடந்து வருவோரும், காதலரும் ஊடியோரும், இளையரும் முதியரும் ஒரே கரையில் நெருக்குகின்றனர். அங்கு மதில் இல்லை. நீர் அனைவருக்கும் பொது.

போடிநாயக்கனூரார்க்கு இப்பாடல்கள் மேல் ஓர் உரிமை உண்டு. குரங்கணி, கொட்டகுடி மலைகளில் தோன்றி நம் ஊரைத் தொட்டுச் செல்லும் கொட்டகுடி ஆறு, தேனிப் பகுதியில் முல்லையாற்றோடு கூடி வையையில்தான் கலக்கிறது. பரிபாடல் பாடிய புதுப்புனலில் ஒரு பங்கு நம் மலைச்சரிவில் பெய்த மழை என்று சொன்னால் அது மிகையன்று. ஆகவே இம்மலையில் ஒருவர் ஓடை நீரைத் தம் குளத்துக்குத் திருப்பும்போது, அவர் தொடுவது தம் வீட்டுக்கொல்லை நீரை மட்டும் அன்று. அந்நீரை நம்பி ஊரில் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. பங்காருசாமி நாயக்கர் கண்மாய், மீனாட்சியம்மன் கண்மாய் முதலிய பாசன நீர்நிலைகளும் அவற்றின் கீழ் வயல்களும் உள்ளன.

பொதுநீரைக் காக்கும் பொறுப்பும் நம் முன்னோரால் முறைப்படுத்தப்பட்டது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிவு செய்து, ஏரியைப் பேணும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தனர். ஒருவர் ஏரி என்று ஒன்று இல்லை. ஆகவே ஒருவர் பொறுப்பென்றும் இல்லை.

பொதுநீர் என்று சொல்லும்போது ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பொது என்ற சொல்லுக்குள் எல்லாரும் எல்லாக் காலத்தும் அடங்கியதில்லை. ஊர்க்குளத்திலும் கிணற்றிலும் கால் வைக்கக்கூடாது என்று ஒரு சாராரைத் தடுத்த கொடுமை இந்நாடெங்கும் இருந்தது. 1927 மார்ச்சு 20 அன்று மகாராட்டிரத்து மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது, குளத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத மதிலும் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியது. மதில் என்பது கல்லாலும் எழுப்பப்படும், வழக்கத்தாலும் எழுப்பப்படும்.

அரண்மனையிலிருந்து இல்லத்துக்கு

கட்டிய குளங்களின் வரலாற்றில் மிகத் தொன்மையானது மொகஞ்சதாரோவின் பெருங்குளம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடைய அக்குளத்தில், செங்கற்களுக்குப் பின்னே நிலக்கீல் பூசி நீர்க்கசிவைத் தடுத்தனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கவலையே இன்றைய கொத்தனாரின் கவலையும் ஆகும்.

ஈழத்து அனுராதபுரத்தில் அபயகிரி விகாரையைச் சேர்ந்த குட்டம் பொக்குண என்னும் இரட்டைக் குளம் இவ்வகையில் இன்னொரு படியைக் காட்டுகிறது. அங்கு நீர் நேரே குளத்துக்குள் விழுவதில்லை. சிறு தொட்டிகளில் தங்கி, வண்டல் அடியிற் படிந்த பின்னரே தெளிநீர் குளத்துக்குச் செல்லும். வடிகட்டும் பொறி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, நீரை நிற்கவைத்துத் தெளியவைக்கும் அறிவு நம் அண்டை மண்ணில் இருந்தது.

தமிழகத்தில் நாயக்கர் காலப் பெருங்குளங்களுள் தலையாயது மதுரை வண்டியூர்த் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த அக்குளத்துக்கு வையையிலிருந்தே நீர் வரும் வழி அமைக்கப்பட்டது. மன்னர் கட்டியதாயினும் தெப்பத் திருநாளில் அதன் நான்கு கரையும் மக்களுக்கு உரியதாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையிலோ, படியமைந்த நீராடு குளம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆட்சியாளர் ஒரே நீரை இருவகையாகவும் கையாண்டனர் என்பது விளங்கும்.

அரண்மனையின் வழக்கம் இல்லத்துக்கு இறங்கியது நம் மலைக்கு அப்பால், மலையாள நாட்டில். அங்கு பழைய நாலுகெட்டு வீடுகளை ஒட்டி வீட்டாருக்கென்றே குளம் வெட்டுவது பெருவழக்கு. மழை மிகுந்த, நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற நாடு ஆதலின் குளம் தானே நிறைந்தது. வெளியிலிருந்து நீர் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. மழை குறைந்த செட்டிநாட்டில் வழி வேறாயிற்று. கூரையில் விழும் மழையை வளவு முற்றத்தில் சேர்த்து வீட்டுக்குப் பயன்கொண்டனர். மிகுந்த நீரை ஊருணிக்கு அனுப்பினர். மண்ணின் இயல்பை ஒட்டியே வீட்டு நீர்நிலை அமைந்தது என்பதற்கு இவ்விரு நாடுகளும் சான்று.

இன்றைய நீச்சல் குளம் இம்மரபிலிருந்து பிரிந்து வந்தது. 1908-இல் அமெரிக்காவின் செர்சி நகரக் குடிநீரில் குளோரின் இடையறாது சேர்க்கப்பட்டது. கிருமியைக் கொல்லும் இம்முறை பின்னர்க் குளங்களுக்கும் பரவியது. வடிகட்டியும் விசைப்பொறியும் சேர்ந்தபின், ஓடாத நீரையும் ஆண்டுக்கணக்கில் தூய்மையாக வைத்திருக்க முடிந்தது. ஆறும் ஊற்றும் இல்லாத இடத்திலும் குளம் கட்டலாம் என்னும் துணிவு இதனால் பிறந்தது. மண்ணைக் கேட்காமல் குளம் கட்டும் பழக்கமும் அத்துணிவோடு சேர்ந்தே பிறந்தது.

ஏலமலையின் குளங்கள்

ஏலமலையில் குளம் புதியதன்று. ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் விரும்புவது. அதன் வேர் ஆழம் போகாது. ஆகவே கோடைவறட்சியை அது தாங்காது. தையில் தொடங்கிச் சித்திரை வரை நீர் காட்டாவிடில் தூர் காய்ந்துவிடும். இதற்காகத் தோட்டக்காரர்கள் சரிவில் பள்ளம் பறித்து, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி மழைநீரையும் ஓடை நீரையும் தேக்குகின்றனர். எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் இதனைப் படுதாக் குளம் என்பர். உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் மரங்களுக்கிடையே நீலத்துண்டுகளாக இவை தெரியும். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஏலமலையில் செடிகள் பெருமளவு கருகியபோது இக்குளங்களின் அருமை எல்லார்க்கும் தெரிந்தது.

ஆகவே ‘இம்மலையில் குளம் எதற்கு’ என்று யாரும் கேட்கமாட்டார். ‘எந்தக் குளம் எதற்கு’ என்பதே கேள்வி. செடிக்கான குளத்து நீர் மண்ணுக்கே திரும்புகிறது. அச்செடியின் காய் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்துக்கு வந்து, பல குடும்பங்களுக்குச் சோறாகிறது. காய் எடுப்புக்காக நம் ஊர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி மெட்டுச் சாலை வழியே மலைக்குப் போவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் மாலையில் வீடு திரும்பியதும் முதலில் பார்ப்பது தெருக்குழாயில் தண்ணீர் வந்ததா என்பதைத்தான். அத்தையின் கேள்வி அவர்களுடைய கேள்வியும் ஆகும்.

சரிவும் கணக்கும்

அண்ணன் வரைந்து வைத்திருந்த குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். பெருக்கினால் 75 கன மீட்டர். அதாவது 75,000 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு அரசு வகுத்த அளவு. இக்குளத்தை ஒருமுறை நிரப்பும் நீர் ஏறத்தாழ 555 பேருக்கு ஒருநாள் போதும். நிரப்பியதோடு முடிவதில்லை. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், 50 சதுர மீட்டர் பரப்பிலிருந்து 250 லிட்டர் வானுக்குப் போகும். இந்தக் கணக்கை நான் எழுதிக் காட்டியபோது அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை.

எடைக்கணக்கு வேறு இருக்கிறது. 75,000 லிட்டர் நீரின் எடை 75 டன். சமவெளியில் அதனைப் பூமி தாங்கும். மலைச்சரிவில் மேற்புறத்தை வெட்டிக் கீழ்ப்புறத்தில் மண் கொட்டித் தளம் அமைப்பது வழக்கம். வெட்டிய பகுதி உறுதியானது. கொட்டிய பகுதி நாளடைவில் அமுங்குவது. குளத்தின் ஒரு பாதி இதிலும் மறு பாதி அதிலும் நின்றால் நடுவே விரிசல் காணும். விரிசல் வழியே கசியும் நீர் மண்ணை இளக்கிச் சரிவையே கீழே கொணரும். ஆகவே குளம் முழுவதும் வெட்டிய கடினத் தரையில்தான் அமரவேண்டும். மேற்புறத்தில் மழைநீரைத் திசைதிருப்பும் வடிகாலும், தாங்குசுவரில் பின்னே தேங்கும் நீர் வெளியேறத் துளைகளும் வேண்டும். மழைக்காலத்தில் குளத்தை வெறுமையாக வைத்தல் ஆகாது. சுற்றியுள்ள மண்ணில் ஊறிய நீர், வெறுங்குளத்தை அடியிலிருந்து மேலே தள்ளிவிடும்.

மலையில் நீரின் வலிமையை நம் பகுதி அறியாததன்று. மூணாற்றுத் தேயிலையை மலைமேல் இரயிலில் கொணர்ந்து, டாப் ஸ்டேஷனிலிருந்து இழுவைக் கம்பி வழியே கொட்டகுடிக்கு இறக்கிப் போடிநாயக்கனூருக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை இரயிலை இல்லாமற் செய்தது. இரும்புப் பாதையைப் பெயர்த்த நீருக்குச் சிமெண்டுச் சுவர் பெரிதன்று.

வேலை பார்க்க வந்த கொத்தனார் ஒரு நல்ல முறையைச் சொன்னார். ஓடு பதிக்குமுன் குளத்தை நிரப்பிச் சுவரில் கோடு கிழித்து ஏழு நாள் பார்க்கவேண்டும். பக்கத்தில் ஒரு வாளியிலும் நீர் வைத்து அதிலும் கோடு கிழிக்கவேண்டும். வாளியில் இறங்கிய அளவு வெயில் கொண்டது. குளத்தில் அதற்கு மேல் இறங்கியது கசிவு. மொகஞ்சதாரோவில் நிலக்கீல் பூசியவர்களும் இப்படி ஏதேனும் ஒரு கோடு கிழித்துத்தான் பார்த்திருப்பர் என்று எனக்குத் தோன்றியது.

நீரின் தூய்மைக்கும் வரையறை உண்டு. ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் குளத்து நீர் முழுவதும் ஒருமுறை மணல் வடிகட்டி வழியே சென்று திரும்பவேண்டும். லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை குளோரின் இருக்கவேண்டும். இந்நீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டால் மீனும் தவளையும் மடியும். சில நாள் குளோரின் இடாமல் வெயிலில் விட்டு, அது நீங்கியபின் தென்னைக்குப் பாய்ச்சலாம். வரும் வழியை எண்ணுவோர் பலர். போகும் வழியை எண்ணுவோர் சிலரே.

பெண்ணும் நீச்சலும்

இக்கணக்குகளை எல்லாம் கண்டபின், குளமே வேண்டாம் என்று நான் எழுதி முடித்திருப்பேன். முடிக்கவிடாமல் தடுத்தவள் அண்ணன் மகள். பதின்மூன்று வயதான என் மருமகள், “அத்தை, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது.

எனக்குத் தெரியாமற் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. நாங்கள் வளர்ந்த காலத்தில் தோட்டத்துக் கிணறே நீச்சற் பள்ளி. அண்ணன்மார் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதித்தனர். மூன்றாம் நாள் குடுக்கை இல்லாமல் நீந்தினர். நானும் என் வயதுப் பெண்களும் கிணற்றுமேட்டில் துணி வைத்துக்கொண்டு நின்றோம். ஆற்றில் முழங்கால் நீரில் குளித்ததும் பூப்பெய்தியபின் நின்றுபோயிற்று. நீந்தாதே என்று யாரும் கடிந்து சொன்னதில்லை; அவ்வாறு சொல்லவேண்டிய தேவையே எழவில்லை.

சங்ககாலப் பெண்கள் இவ்வாறு இருந்ததாகத் தெரியவில்லை. வேழப்புணை பற்றிப் புனலில் ஆடிய மகளிரை அகப்பாடல்களில் காண்கிறோம். சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகம் நீர்விளையாட்டை விரித்துரைக்கும். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் முதுமையில், மருதமரக் கிளையேறி ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையை எண்ணி ஏங்குகிறார். அப்பாட்டைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். மாணவியரிடம், இழந்த இளமைக்கான இரக்கம் என்றே அதற்கு உரை கூறி வந்திருக்கிறேன். இழப்பதற்கு அப்படி ஓர் இளமை தமக்கு இல்லையே என்று எண்ணி அமர்ந்திருந்த மாணவியர் எத்தனை பேரோ, நான் கேட்டதில்லை.

மதில் விலக்குவது என்று மேலே எழுதினேன். மதில் காப்பதும் உண்டு என்பதை மருமகளின் கேள்வி உணர்த்தியது. கிணறுகள் வற்றித் தூர்ந்துவிட்ட இன்று, ஒரு பெண்பிள்ளை பிறர் பார்வைக்கு அஞ்சாமல் நீந்தக் கற்க இடம் வேண்டும். சுதமதி அஞ்சி விலகிய மதிலையே என் மருமகள் துணையாகக் கேட்கிறாள். இருவரும் கேட்டது ஒன்றே: அச்சமின்றி நீரருகே நிற்கும் உரிமை.

நிறைவுரை

பல நாள் பேச்சுக்குப் பின் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்று சுருங்கியது. கொள்ளளவு 38,400 லிட்டர். முன்னதில் ஏறத்தாழப் பாதி. சிறுவர் தவறி விழாதபடி சுற்றுவேலியும், ஆவியைக் குறைக்க மேல்விரிப்பும் உண்டு. ஓடையிலிருந்தோ லாரியிலோ நீர் கொள்வதில்லை என்று முடிவாயிற்று. வீட்டுக் கூரை 140 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 14,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு இழப்புக்குக் கழித்தாலும் ஏறத்தாழ 350 மில்லிமீட்டர் மழையில் குளம் நிறைந்துவிடும். 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாம் கடமைக்காக அமைத்த குழாய்களே இதற்குப் போதும். மழை பொய்த்த ஆண்டில் குளம் காய்ந்தே கிடக்கும். அதற்கு அண்ணன் எளிதில் இசையவில்லை. மதினிதான் இசைய வைத்தார்கள்.

இன்னும் ஒன்று. மதிலின் வெளிப்புறத்தில், தெருவைப் பார்த்து, குளத்திலிருந்து ஒரு குழாய் வைக்கவேண்டும் என்று அத்தை கேட்டார்கள். 2018 மார்ச்சு 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயும், அதில் மாண்ட இளையோரும் இப்பகுதி மக்களின் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கோடையில் சரிவில் தீப்பற்றினால் அணைக்க வருவோர்க்கு அக்குழாய் உதவும். குடிக்க உதவாதாயினும், தட்டுப்பாட்டு நாளில் வேறு வேலைக்குத் தெருவார் பிடித்துக்கொள்ளலாம். “உள்ள எம்புட்டு வேணும்னாலும் ஆடுங்க, வெளிய ஒரு வாய் இருக்கட்டும்” என்பது அத்தையின் தீர்ப்பு. குழாய்க்குப் பூட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதில் அண்ணனுக்கும் அத்தைக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.

இலவந்திகைக்கு மதில் இருந்தது. வெளியே ஒரு குழாய் இருந்ததாகச் செய்தி இல்லை. ஊருணிக்கு மதில் இல்லை. அங்கே என் மருமகள் தனித்து நீந்தக் கற்கும் வாய்ப்பும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இக்குளத்துக்கு நிகண்டில் பெயர் இல்லை. அண்ணனுக்கு நான் எழுதிக் கொடுத்த பெயர் மழைக்கேணி. மனிதர் தோண்டியது ஆதலின் கேணி. நீர் வந்த வழி தெரியவேண்டும் ஆதலின் மழை. கல்லில் பொறிக்கக் கொடுத்தாயிற்று. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் அதில் நீந்தக் கற்பவர் இருவர் என்று மருமகள் சொல்லி வைத்திருக்கிறாள். ஒருத்தி அவள், மற்றவள் நான்.